சுருட்டு ருசிக்கச் சில யோசனைகள்

சுருட்டு பிடிக்க நுரையீரல் வேண்டாம். புகையை உள்ளே இழுக்காமல், வாயிலேயே கொஞ்சம் தங்கவைத்து விட்டுவிட வேண்டும். அதுவும் நிமிடத்துக்கு ஒரு இழுப்பு. மிச்ச நேரமெல்லாம் பேசுவதற்கு. ஆகவே பேச்சைத் தயார் செய்துகொண்டு அப்புறம் கடைக்குப் போங்கள்.

கையில் காசு இருந்தால் ஹவானா. அதன் தலைப்பக்கம் இலையால் மூடியிருக்கும். நறுக்குவதற்கென்றே தனிக் கத்தி விற்கிறார்கள். பாக்குவெட்டி போதாதா என்று கேட்டுவிடாதீர்கள். நறுக்குமுன் காதோரம் வைத்து உருட்டுங்கள். பெரிதாக ஒன்றும் கேட்காது. இருந்தாலும் தலையை ஆட்டுங்கள். பற்றவைத்தபின் சாம்பலைத் தட்டுவது மகாபாவம். ஓர் அங்குலம் வளரட்டும். அது உங்கள் வேட்டியில் எப்போது விழும் என்று எதிரே இருப்பவர் கண்கொட்டாமல் பார்ப்பார். எப்படியோ, கவனம் உங்கள் பக்கம் வந்துவிட்டது.

அடுத்தது ருசி. கண்ணை மூடி, "ஈர மண்... காப்பிக்கொட்டை... தேவதாரு... கடைசியில் லேசாகத் தோல்" என்று இடைவெளி விட்டுச் சொல்லுங்கள். தோல் என்பது செருப்புக் கடையில் அடிக்கிற அதே வாசனைதான். செருப்பு என்று மட்டும் வாய்தவறிச் சொல்லிவிடக் கூடாது. புகையிலை என்றும் சொல்லாதீர்கள். அது கற்றுக்குட்டிக்குக்கூடத் தெரிகிற ருசி.

நடுநடுவே சரித்திரம் தூவ வேண்டும். கியூபாவின் சுருட்டு ஆலைகளில் தொழிலாளர்கள் சுருட்டிக்கொண்டிருக்க, ஒருவர் உட்கார்ந்து செய்தித்தாளும் நாவலும் உரக்க வாசிப்பார். 1935-ல் வந்த மான்டிகிறிஸ்டோ சுருட்டுக்கு டூமாவின் நாவலிலிருந்துதான் பெயர். இதை இரண்டாம் இழுப்புக்குள் சொல்லிவிடுங்கள். மூன்றாவதில் பக்கத்து நாற்காலிக்காரர் முந்திக்கொள்வார்.

காசு இல்லாதவர்களுக்குத் திருச்சி சுருட்டு. இரண்டு முனையும் திறந்தே இருப்பதால் நறுக்கும் சடங்கு போச்சு. அந்த நஷ்டத்தைக் கௌரவத்தால் ஈடுகட்டலாம். 1887-ல் வெளியான முதல் ஷெர்லாக் ஹோம்ஸ் நாவலில், தரையில் கிடந்த சாம்பலைப் பார்த்தே இது திருச்சி சுருட்டு என்று ஹோம்ஸ் சொல்லிவிடுகிறார். பிடித்தவன் கொலைகாரன் என்பதை அழுத்திச் சொல்ல வேண்டாம். கூட்டத்தில் தமிழன்பர்கள் இருந்தால் சீனிச்சர்க்கரைப் புலவரை அழையுங்கள்: அன்னத்தையும் கிளியையும் தூது விட்ட மொழியில், பழனி முருகனிடம் புகையிலையைத் தூது விட்டவர். கருப்பசாமியை மட்டும் சாட்சிக்கு இழுக்காதீர்கள். எத்தனையோ தலைமுறையாகச் சுருட்டு படைக்கிறோம். ஈர மண் என்றோ காப்பிக்கொட்டை என்றோ அவர் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

பெட்டியில் 85 சதவீத இடத்தை அடைத்துக்கொண்டு எச்சரிக்கைப் படமும் வாசகமும் இருக்கும். கவிழ்த்து வைத்தால் மறுபக்கமும் அதே. டாக்டரிடம் போக நேர்ந்தால், "நான் உள்ளே இழுக்கிறதே இல்லையே சார்" என்று வாதாடத் தோன்றும். வாய்ப்புற்று அதையெல்லாம் விசாரித்துக்கொண்டு வருவதில்லை. அவர் பதில் சொல்லாமல் வாயை அகலத் திறக்கச் சொல்லி, குச்சியால் நாக்கை அழுத்திப் பிடிப்பார். அந்த நிலையில் தேவதாரு என்று சொல்ல வராது.