இரண்டாவது போல்ட்

சீட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. இதை எங்கள் தெருவில் வாய் வலிக்கச் சொல்லிப் பார்த்துவிட்டேன், யாரும் நம்புவதாயில்லை. ஆகவே எழுத்திலேயே சொல்லிவிடுகிறேன். ரிப்பேர் ஆனது செல்ஃப் மோட்டார். சீட்டு அன்றைக்கும் நன்றாக இருந்தது, இன்றைக்கும் நன்றாக இருக்கிறது. காலையில் பால் பாக்கெட் எடுக்க வாசலுக்குப் போனபோதுகூட எதிர்வீட்டு ரிடையர்டு தாசில்தார், “என்ன சார், சீட்டு சரியாப் போச்சா?” என்று கேட்டார். “போச்சு சார்” என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொல்லிவிட்டு உள்ளே வந்து பேனாவை எடுத்தேன். அந்தக் கோபம் ஆறுவதற்குள் எழுதுவது இது.

வண்டி 1997 மாடல் வேன். கம்பெனி பெயர் வேண்டாம். தமிழ் சினிமாவில் காலேஜ் வாசலில் நிற்கும் கதாநாயகியைக் கடத்த வேண்டுமென்றால், வந்த வேகத்தில் நின்று பக்கவாட்டுக் கதவைச் சர்ரென்று இழுத்துத் திறப்பார்களே, அந்த வேன். 796 சிசி, மூன்று சிலிண்டர், கார்புரேட்டர். முன்பக்கம் மூக்கு என்று ஒன்று கிடையாது. பானெட்டைத் திறந்து எஞ்ஜினைப் பார்க்கும் பாக்கியமும் கிடையாது. எஞ்ஜின் முன் சீட்டுக்கு அடியில். நடுவில் ஒரு தகரம், கொஞ்சம் ஸ்பாஞ்ச், அதற்கு மேல் நாம். ஆயில் பார்ப்பதென்றாலும் முதலில் எழுந்திருக்க வேண்டும்.

இதில் செல்ஃபை நானே மாற்றிவிடலாம் என்று எனக்கு ஏன் தோன்றியது என்று விளக்கப் போவதில்லை. உங்கள் வீட்டுப் பரணிலும் பழைய மிக்ஸியைப் பிரித்து மாட்டியபோது மிஞ்சிய ஸ்க்ரூக்கள் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலில் இருக்கின்றன. ஃபேன் ரெகுலேட்டரை மாற்றிவிட்டு ஷாக் அடிக்காமல் ஸ்டூலை விட்டு இறங்கிய அன்றே நாம் எல்லோரும் இஞ்சினியர் ஆகிவிட்டோம். மேற்கொண்டு பேச என்ன இருக்கிறது?

செல்ஃப் போன கதை எல்லா வண்டியிலும் ஒன்றுதான். சாவியைத் திருகினால் ‘டக்’ என்று ஒரு சத்தம் வரும், அதோடு சரி. அந்த ‘டக்’ சோலனாய்டு போடுவது. அது வேலை செய்கிறது. பல்சக்கரத்தைத் தள்ளி ஃப்ளைவீலில் கோர்த்தும் விடுகிறது. அதற்குப் பிறகு நூறு ஆம்பியருக்கு மேல் கரண்டை வாங்கிக்கொண்டு சுற்ற வேண்டிய மோட்டார்தான் சும்மா இருக்கிறது. கார்பன் தேய்ந்திருந்தால் இப்படி ஆகும். வண்டிக்கு அடியில் புகுந்து மோட்டார் தலையில் சுத்தியல் பிடியால் ஒரு தட்டுத் தட்டினால், தேய்ந்த கார்பன் ஒட்டிக்கொண்டு ஒரு தடவை சுற்றும். இதனால் நான் வெளியே கிளம்ப இரண்டு பேர் தேவைப்பட்டார்கள். இஸ்திரி போட்ட சட்டையோடு நான் அடியில். சாவியோடு என் மனைவி மேலே. “என்னங்க, தட்டியாச்சா?” “தட்டியாச்சு, திருகு.” தெருவில் பள்ளிக்கூட ஆட்டோவுக்குக் காத்திருக்கும் குழந்தைகள் எல்லாம் வந்து குனிந்து பார்க்கும்.

ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் போனேன். “மோட்டாரை நீங்களே கழட்டி எடுத்துட்டு வந்துட்டீங்கன்னா கார்பன், புஷ் மாத்திக் குடுத்துடறேன் சார். பெருசா ஒண்ணும் ஆகாது. நான் கழட்டணும்னா…” என்று சொல்லிவிட்டு, வேனை ஒரு தரம் பார்த்தார், என்னை ஒரு தரம் பார்த்தார், ஒரு தொகையைச் சொன்னார். ரிப்பேருக்குச் சொன்னதைவிட அது பல மடங்கு. கழற்றுவதற்கா இவ்வளவு? செல்ஃபைப் பிடித்துக்கொண்டிருப்பது மொத்தம் இரண்டே போல்ட். பேட்டரி நெகட்டிவை முதலில் எடுத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் ஸ்பேனர் பாடியில் பட்டு வெல்டிங் வைத்துவிடும். பிறகு ஒரு தடித்த ஒயர், ஒரு மெல்லிய ஒயர், இரண்டு போல்ட். ஆக வேண்டியது இவ்வளவுதான் என்று கிளம்பினேன்.

முதல் போல்ட்டில் குறையில்லை. அடியில் படுத்தால் கண்ணுக்கு நேரே இருக்கிறது. பதினாலு நம்பர் ஸ்பேனர் போட்டு ஒரு அழுத்து அழுத்தினால் கழன்று வருகிறது. இரண்டாவது போல்ட் மோட்டாருக்கு மேல், கியர் பாக்ஸ் தோளுக்குப் பின்னால். கண் போனால் கை போகாது. கை போனால் கண் போகாது. இரண்டும் போனால் ஸ்பேனர் போகாது. அதை எப்படிக் கழற்றுவது என்ற ஒரு நுட்பத்தைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரையையே ஆரம்பித்தேன். அதற்கு முன்னால் சீட்டு விஷயத்தை முடித்துவிடுகிறேன்.

பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்கிறவனுக்கு இந்த நாட்டில் ஒரு மரியாதை உண்டு. போகிறவர்கள் நின்று, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, “ஹீட்டாயிடுச்சா?” என்று தணிந்த குரலில் விசாரிப்பார்கள். முன் சீட்டைத் தூக்கி நிறுத்திவிட்டு அதற்குள் தலையை விட்டுக்கொண்டிருப்பவனுக்கு அந்த மரியாதை கிடைப்பதில்லை. முதலில் வந்தவர் இஸ்திரி வண்டிக்காரர். “ஸ்பிரிங் போச்சா சார்?” “இல்லப்பா, செல்ஃப்.” “அடடா, செல்ஃப் வேற போச்சா?” என்று இரட்டிப்பு வருத்தத்தோடு நகர்ந்தார்.

அடுத்து கீரைக்கார அம்மா. “மூட்டைப்பூச்சியா சாமி? நல்ல வெயில்ல போடு, ஓடிப்போயிடும்.” எஞ்ஜின் ரிப்பேர் என்றேன். “எஞ்ஜின் முன்னாடியில்ல இருக்கும்?” என்றார். நியாயமான கேள்விதான், டிசைன் செய்தவரைக் கேட்க வேண்டிய கேள்வி. நான் பதில் சொல்வதற்குள் கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். போகிறபோது கீரையோடு மூட்டைப்பூச்சியையும் வீடு வீடாகக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். மதியத்துக்குள் எங்கள் வீட்டுக்கு வேலைக்கு வரும் அம்மா, “பெட்ரூம்ல பெருக்கணுமா, வேண்டாமா?” என்று வாசலிலேயே நின்று கேட்டார். சாயங்காலம் அசோசியேஷன் செக்ரட்டரி வந்தார். பூச்சி மருந்து அடிப்பவர்களின் கார்டு ஒன்றைக் கொடுத்துவிட்டு, பொது இடத்தில் மெத்தை காயப்போடக் கூடாது என்று போன வருஷமே தீர்மானம் போட்டிருப்பதை நினைவூட்டினார்.

நடுவில் தாசில்தார். இவர் குனிந்தே பார்க்கவில்லை. சர்வீஸில் இருந்தபோதும் குனிந்து பார்த்திருக்க மாட்டார். “எனக்குத் தெரியும் சார். இந்த வண்டியில சீட்டு சூடு. நானும் ஜீப்புல சுத்தினவன்தான். நனைச்ச கோணிச் சாக்கை ரெண்டா மடிச்சு அடியில போடுங்க. சனிக்கிழமை தவறாம எண்ணெய் தேய்ச்சுக் குளிங்க. ராத்திரி வெந்தயம் ஊறப்போட்டு, காலையில வெறும் வயித்துல மோரோட… மூலம் கிட்டயே வராது.” சார், கெட்டது செல்ஃப் என்றேன். “அதுவும் சூட்டாலதான்” என்றார். இதில் எனக்குப் பொறுக்க முடியாத விஷயம், அவர் சொன்னதில் பாதி உண்மை. செப்புக் கம்பி சூடேறினால் அதன் தடை கூடும். எஞ்ஜின் சூட்டில் வெந்துகொண்டிருக்கும் சோலனாய்டு இழுக்கத் திணறத்தான் செய்யும். ஆனாலும் அதற்கு வெந்தயம் கொடுக்க முடியாது.

பிறகு ஒரு குரியர் பையன். பார்சலில் கையெழுத்து வாங்கிக்கொண்டே, “ரெக்ஸின் மாத்தறதுன்னா சொல்லுங்க சார், நம்ம மச்சான் இருக்கான்” என்றான். நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாததைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு அன்று மாலையே மச்சான் இஞ்ச் டேப்போடு வந்துவிட்டார். நான் அப்போது வண்டிக்கு அடியில். கால் மட்டும் வெளியே. என் பையனைக் கூப்பிட்டு, “டேய், பதினாலு எடு!” என்று கத்தினேன். மேலேயிருந்து அமைதியாக ஒரு குரல்: “பதினாலு இஞ்ச்ல ஃபோம் வராது சார். நாலு போடலாம். கலர் மெரூனா, பிரவுனா?”

கடைசியில் என் மனைவியே கைவிட்டுவிட்டாள். கோயிலில் யாரோ கேட்டதற்கு, “ஆமா, சீட்டுதான்” என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறாள். “எல்லார்கிட்டயும் எதுக்குங்க விளக்கிக்கிட்டு? சீட்டுன்னா உடனே புரிஞ்சுக்கறாங்க” என்கிறாள். இதை நான் நீட்டிக்கொண்டே போகிறேன் என்று தெரிகிறது. நீட்டத்தான் செய்வேன். தெருவே நீட்டுகிறது, நான் நீட்டக் கூடாதா?

அடியில் மல்லாந்து கிடக்கும்போது வேறு வேலை இல்லாததால் யோசிக்க நேரம் கிடைத்தது. இவ்வளவு படித்தவர்கள் இப்படி ஓர் இடத்தில் கொண்டுபோய் அந்த இரண்டாவது போல்ட்டை ஏன் வைத்தார்கள்? விடை எளிது. தொழிற்சாலையில் எஞ்ஜினையும் கியர் பாக்ஸையும் வெளியே ஸ்டாண்டில் வைத்து, செல்ஃப் உட்பட எல்லாவற்றையும் சுற்றி நின்று சாவகாசமாக மாட்டிவிடுகிறார்கள். அதன் பிறகுதான் மொத்தத்தையும் தூக்கி பாடிக்குள் ஏற்றுகிறார்கள். அங்கே அந்தப் போல்ட்டைத் தேடி யாரும் கையை விட்டதே இல்லை. வண்டி மாட்டுகிறவனுக்காகச் செய்யப்படுகிறது. கழற்றுகிறவன் அவர்கள் கணக்கில் வருவதில்லை.

இது நம் ஊர் வேனோடு நிற்கிற வியாதியும் இல்லை. 1989-இல் வந்த லெக்ஸஸ் எல்எஸ் 400 காரில் வி-8 எஞ்ஜின். இரண்டு வரிசை சிலிண்டர்களுக்கு நடுவிலுள்ள பள்ளத்தில், இன்டேக் மேனிஃபோல்டுக்கு அடியில் செல்ஃபை வைத்தார்கள். அதை எடுக்க எஞ்ஜினின் மேல்பாதியைப் பிரித்து ஓரமாக அடுக்க வேண்டும். பிஎம்டபிள்யூவின் என்47 டீசல் எஞ்ஜினில் டைமிங் செயின் பின்பக்கம், கியர் பாக்ஸை ஒட்டி. செயினை மாற்ற கியர் பாக்ஸையோ எஞ்ஜினையோ இறக்கியாக வேண்டும். பணக்காரர்களும் மல்லாந்துதான் கிடக்கிறார்கள், அல்லது காசு கொடுத்து ஒருவரைக் கிடக்க வைக்கிறார்கள் என்று கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

அம்பாசிடர் நினைவுக்கு வந்தது. பானெட்டைத் தூக்கினால் எஞ்ஜினைச் சுற்றி ஒரு பிரகாரம் வரலாம். கையில் டீ கிளாஸை வைத்துக்கொண்டே டிஸ்ட்ரிபியூட்டரைக் கழற்றிய மெக்கானிக்குகளைப் பார்த்திருக்கிறேன். பழைய மாடல்களில் செல்ஃப் எடுக்காவிட்டால் முன்னால் ஹேண்டிலைச் செருகிச் சுற்றிவிட்டுப் போய்க்கொண்டே இருக்கலாம். அந்த வண்டி 2014-இல் நின்றது. கை நுழைகிற வண்டியைத் தயாரித்தால் கம்பெனி நிலைக்காது என்று மற்றவர்கள் பாடம் படித்துக்கொண்டார்கள் போலிருக்கிறது.

உங்கள் மெக்கானிக்கின் முன்கையை ஒரு நாள் நன்றாகப் பாருங்கள். மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை கோடு கோடாகத் தழும்பு. சைலன்ஸர் சுட்டது பாதி, கிளாம்ப் கிழித்தது பாதி. எவனோ ஏசி அறையில் உட்கார்ந்து ஒரு போல்ட்டை இரண்டு விரற்கடை தள்ளி வரையாததற்கு இவர் தோலைக் கொடுக்கிறார். அவர் கேட்கிற கூலியில் நாம் நூறு ரூபாய் குறைக்கப் பேரம் பேசுகிறோம். பேசாதீர்கள்.

செல்ஃப் கழன்று வந்தது. ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் கார்பன் கேட்டால் “தனியா வராது சார், மோட்டார் செட்டாத்தான் வரும்” என்றார்கள். பழசு புதுப்பேட்டையில் கிடைக்கும் என்று ஒருவர், அது போனதைவிடப் பழசாக இருக்கும் என்று இன்னொருவர். கடைசியில் நம் எலக்ட்ரீஷியனே மேஜை டிராயரிலிருந்து ஒரு ஜோடி கார்பனை எடுத்துப் போட்டார். மோட்டாரைக் கையில் வாங்கியபோது, “ரெண்டாவது போல்ட்டை எப்படி சார் எடுத்தீங்க?” என்று அவரே கேட்டார். இத்தனை நாளில் எனக்குக் கிடைத்த ஒரே உருப்படியான கேள்வி அது. ராட்செட், நீளமான எக்ஸ்டென்ஷன், யுனிவர்சல் ஜாயின்ட், ஒரு பழைய சைக்கிள் டியூப் துண்டு ஆகியவற்றைக் கொண்டு நான் கண்டுபிடித்த அந்த வழியைப் பொறுமையாக விளக்கினேன். உங்களுக்கும் விளக்கியிருப்பேன். சீட்டு இடத்தை அடைத்துக்கொண்டுவிட்டது.

அந்த வேன் 1984-இல் வந்து 2019-இல் நின்றுவிட்டது. அதே கம்பெனி இன்று விற்கிற வேனிலும் எஞ்ஜின் முன் சீட்டுக்கு அடியில்தான். வாங்கப் போகிறவர்கள் மைலேஜ் என்ன என்று பிறகு கேட்டுக்கொள்ளலாம். முதலில் செல்ஃப் எங்கே இருக்கிறது என்று காட்டச் சொல்லுங்கள். கை போகிறதா என்று விட்டுப் பார்த்துவிட்டு அட்வான்ஸைக் கொடுங்கள்.