ப்ரொசஸரை எரித்தால் வேகம் கூடுமா?: கொத்மலைப் பரபக்கமும் சுபக்கமும்

புதிய ப்ரொசஸரை வாங்கிய கையோடு ஓவர்க்ளொக் செய்து, குறித்த வேகத்துக்கு மேல் ஓட்டலாகாது; கூடுதல் வோல்ட்டேஜும் முழுச்சுமையும் கொடுத்துச் சில நாட்கள் இரவுபகலாக எரித்துப் பழக்கினால் அது பிறகு இன்னும் வேகமாக ஓடும் என்றொரு கொள்கை உண்டு. பேர்ன்-இன் என்பர். இது இலங்கை மலையகத்துக் கொத்மலைக்குப் பொருந்துமா என்பதே ஈண்டு ஆராயப்படுவது. கொத்மலைக்கும் கணினிக்கும் என்ன உறவு என வினவுவார்க்கு: 1990களின் இறுதியிலேயே யுனெஸ்கோ துணையோடு, நேயர் கேட்ட கேள்விக்கு இணையத்தில் தேடிச் சமூக வானொலியில் பதில் சொன்ன ஊர் இது.

முதலில் பரபக்கம். எரிப்பாளர் வாதம் தேயிலை ஸ்டோரிலிருந்து புறப்படுகிறது. பச்சைக் கொழுந்தை யாரும் கோப்பையில் போடுவதில்லை. வாட்டி, உருட்டி, புளிக்கவைத்து, டிரையரில் சூடு காட்டிய பிறகே அது தேயிலை. ஆகவே சிலிக்கனுக்கும் சூடு வேண்டும் என்க. சான்றாக 1998இல் வந்த இன்டெல் செலரான் 300ஏயைக் காட்டுவர். 300 மெகாஹேர்ட்ஸ் என்று விற்ற அதை, பஸ் வேகத்தை 66இலிருந்து 100க்கு ஏற்றி 450இல் ஓட்டியோர் ஏராளம். மெய்தான். ஆனால் அவற்றிற் பல பெட்டி பிரித்த அன்றே 450இல் ஓடின.

இனிச் சுபக்கம். சிலிக்கன், ஆலையிலேயே ஆயிரம் பாகை அளவிலான உலைகளைக் கண்டு வந்தது. நாம் ஏற்றும் எண்பது பாகை அதில் எதைப் பழுக்க வைக்கும்? ஆலைக்காரரும் எரித்துப் பார்ப்பதுண்டு. குறைப்பிறவிகள் அங்கேயே விழட்டும் என்பதற்காக. பிழைத்தவை வேகம் கூடி வருவதில்லை. மாறாக, சூடும் வோல்ட்டேஜும் சேர்ந்தால் டிரான்சிஸ்டரைத் திறக்கத் தேவையான மின்னழுத்தம் மெல்ல ஏறும், திறப்பது தாமதமாகும். நுண்கம்பிகளின் உலோக அணுக்களை மின்னோட்டமே தள்ளிக்கொண்டு போகும்; இதற்கு ஜேம்ஸ் பிளாக் 1969இல் சமன்பாடே எழுதினார்.

அப்படியாயின், எரித்த பின் வேகம் கூடியது என்று சத்தியம் செய்வோர் பொய்யரோ எனின், அல்லர். ப்ரொசஸருக்கும் ஹீட்சிங்குக்கும் இடையில் ஒரு பசை உண்டு. ஆர்க்டிக் சில்வர் 5 என்னும் பசை முழுத்திறன் பெற 200 மணி நேரம் வரை ஆகலாம் என்று செய்தவர்களே சொல்கிறார்கள். பழுத்தது பசை, பெயர் வாங்கியது ப்ரொசஸர்.

மற்றது பனி. குறிஞ்சிக்குக் கூதிரையும் முன்பனியையும் பெரும்பொழுதாகவும், யாமத்தைச் சிறுபொழுதாகவும் வகுத்தார் தொல்காப்பியர். காதலர் கூடுதற்கு என்றே உரைகாரர் கொண்டனர். தை மாத நள்ளிரவில், லயத்துச் சன்னலைத் திறந்துவிட்டு, கம்பளிக்குள் இருந்து இரண்டு விரலை மட்டும் வெளியே நீட்டி ஓவர்க்ளொக் செய்யும் பையனை அவர்கள் கண்டதில்லை. அறை பத்துப் பாகை குளிர்ந்தால் ப்ரொசஸரும் ஏறக்குறைய அவ்வளவு குளிரும். முதற்சோதனையைப் பகலில் செய்து, நாட்கணக்கில் எரித்து, மறுசோதனையை இரவில் செய்தால் வெற்றி எரிப்பின் கணக்கில் விழுகிறது. உயரம் செய்யும் துரோகமும் உண்டு: கொத்மலைக்கு மேலேயுள்ள 1,868 மீற்றர் உயர நுவரெலியாவில் காற்றழுத்தம் கடல்மட்டத்தைவிட ஐந்திலொரு பங்கு குறைவு, விசிறி அள்ளுவது மெலிந்த காற்று. ஆயினும் குளிரே வெல்லும் என்பது எம் துணிபு.

கொத்மலை மின்நிலையத்தின் கொள்ளளவு 201 மெகாவாட் என்பதற்காக அதைச் சும்மா கிடக்கும் ப்ரொசஸருக்கு ஊட்ட வேண்டியதில்லை. தம்பிமாரே, பசையை மாற்றுங்கள், விசிறியைத் தூசு தட்டுங்கள், தை பிறக்கும்வரை பொறுங்கள். மின்பட்டியல் அப்பா பெயரில் வருகிறது.