கற்றுக்குட்டிக்கு ஏற்ற குதிரை: மந்தக் கோட்பாடு குறித்து ஓர் ஆய்வு

‘குதிரை கீழே தள்ளியதும் அல்லாமல் குழியும் பறித்ததாம்’ என்கிறது பழமொழி. இதில் இரண்டு குற்றச்சாட்டுகள் உள்ளன. முதலாவதற்கான சாட்சிகள் கொடைக்கானல் ஏரிக்கரையில் கோடை விடுமுறைதோறும் இடுப்பைத் தேய்த்தபடி கிடைப்பார்கள். இரண்டாவதை வெறும் உயர்வுநவிற்சி என்று ஒதுக்கிவிட்டார்கள். அது தவறு. பொறுமை இழந்த குதிரை முன்னங்காலால் தரையைப் பறிக்கும், இது கண்கூடு. ஆக, பழமொழியில் பிசகியது வரிசை மட்டுமே: குழி பறிப்பது முதலில், தள்ளுவது பிறகு. நிற்கும் இடத்திலேயே மண்ணைப் பறிக்கும் குதிரையில் ஏறாதே என்றுதான் முன்னோர் சொல்ல வந்தார்கள் என்பது நம் துணிபு.

முன்னோடி ஆய்வுகள் இவ்விஷயத்தில் அதிகம் உதவா. கி.மு. 4ஆம் நூற்றாண்டிலேயே கிரேக்கர் செனஃபோன், முதலில் குளம்பைப் பார் என்று எழுதிவைத்தார். நம்மவர்கள் சுழி பார்ப்பார்கள். ஈரோடு மாவட்டம் அந்தியூரில் குருநாதசுவாமி கோயில் ஆடித் திருவிழாவை ஒட்டிக் கூடும் சந்தைக்கு, காது நுனிகள் உள்வளைந்து ஒன்றையொன்று தொடும் மார்வாரிக் குதிரைகள்கூட வருகின்றன. ஆனால் இதெல்லாம் வாங்குபவர்களின் கவலை. வாங்குவதிலும் உத்தரவாதம் இல்லை: மாணிக்கவாசகர் கதையில் பாண்டியன் லாயத்தில் பகலில் கட்டிய குதிரைகள் ராத்திரியில் நரிகளாகிவிட்டன. வாடகைக்கு ஏறுபவருக்கு அந்த அபாயம் இல்லை, இருட்டுவதற்குள் இறங்கிவிடுவார்.

கற்றுக்குட்டிகளைக் கெடுத்ததில் பெரும்பங்கு தேசிங்கு ராஜன் கதைப்பாடலுக்கு உண்டு. டெல்லியில் எவருக்கும் அடங்காத பாராசாரி என்னும் குதிரையை செஞ்சி இளவரசன் அடக்கிவிட்டானாம். அதைக் கேட்டு வளர்ந்தவர், இருப்பதிலேயே துள்ளும் குதிரையைக் காட்டி, “அதைக் கொண்டாங்க அண்ணே” என்கிறார்.

இங்குதான் மந்தக் கோட்பாட்டை முன்வைக்கிறோம். நூல்கள் குதிரைக்கு எதையெல்லாம் குணம் என்கின்றனவோ, அதெல்லாம் கற்றுக்குட்டிக்குக் குற்றம். இளமை கூடாது, பத்து வயதைத் தாண்டியிருப்பது நல்லது. உயரமும் வேண்டாம். முதுகும் கழுத்தும் சேரும் மேட்டில் அளந்து 58 அங்குலத்துக்குள் இருந்தால் மட்டக்குதிரை. விழும் தூரம் குறைவு. தேட வேண்டிய காட்சி இது: பின்னங்கால் ஒன்றை மடக்கிக் குளம்பு நுனியை மட்டும் தரையில் ஊன்றி, கீழுதடு தொங்க, கண் பாதி மூடி, காதுகள் பக்கவாட்டில் தளர்ந்து கிடக்க, உலகத்தோடு எந்த வழக்கும் இல்லாமல் நிற்கும் ஒரு பிராணி. அதுவே உங்கள் குதிரை. நீங்கள் நெருங்கும்போது காதுகளைப் பிடரியோடு ஒட்ட மடித்தால் மட்டும் அடுத்ததைப் பாருங்கள். நெருங்குவதும் இடது தோள் பக்கமாக இருக்கட்டும். நேர் பின்னால் நிற்பவர் அதன் கண்ணுக்குத் தெரியமாட்டார்.

குதிரைக்காரரிடம், “சாதுதானே?” என்று கேட்பது வீண். சாதுவல்லாத குதிரையை ஏரிக்கரையில் எந்தக் குதிரைக்காரரும் வைத்திருந்ததில்லை. அதைவிட, முந்தைய சவாரி முடிந்து இறங்கும் குழந்தையின் முகத்தைப் பார்ப்பது மேல். மந்தமான குதிரையில் போட்டோ எடுப்பாக வராது என்று ஓர் ஆட்சேபம் எழக்கூடும். போட்டோவுக்கு வேண்டியதே அசையாமல் நிற்பதுதான். அதில் இதை விஞ்ச ஆளில்லை.

ஒரு கணக்கு பாக்கி. ஆளும் சேணமும் சேர்ந்து குதிரையின் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்குள் இருக்கவேண்டும் என்பது பரவலாகச் சொல்லப்படும் வரம்பு. 300 கிலோ மட்டக்குதிரை என்றால் சேணத்தோடு 60 கிலோ. இந்த வரியைப் படித்ததும் வயிற்றை உள்ளிழுத்துக்கொண்டவர்கள் தயவுசெய்து குதிரையை விட்டுவிடுங்கள். ஏரியைச் சுற்றும் சாலை ஏறக்குறைய 5 கிலோமீட்டர்தான். வாடகைக்குச் சைக்கிளும் கிடைக்கிறது.