முன்வரிசையில் உட்காரலாமா?

கேள்வி: சென்னையில் இருக்கும் மகன் ஸ்டாண்ட்-அப் காமெடிக்கு டிக்கெட் எடுத்திருக்கிறான். வந்தவர்களையே கேலி செய்வார்களாமே! என்ன எதிர்பார்த்துப் போவது?
– ஒரு வாசகி, வீரகேரளம்புதூர்

பதில்: தைரியமாகப் போங்கள் அம்மா. கோயில் கொடையில் விடிய விடிய வில்லுப்பாட்டு கேட்ட ஊர்க்காரர் நீங்கள். அங்கே 'ஆமா' போடப் பக்கத்திலேயே ஆள் உண்டு. இங்கே மேடையில் ஒருவர், ஒரு மைக், அவ்வளவுதான். ஆமா போடுவது உங்கள் சிரிப்பு. வில்லுப்பாட்டிலிருந்து வந்த நாகர்கோவில் கலைவாணர், 'நல்லதம்பி'யில் (1949) கிந்தனார் காலட்சேபம் செய்து சிரிக்க வைத்தாரே, அந்த வழிதான் இது. 2019-இல் அமேசான் பிரைமில் வந்த அலெக்சாண்டர் பாபுவின் 'அலெக்ஸ் இன் வொண்டர்லேண்ட்' பார்த்துவிட்டுப் போனால் இன்னும் நல்லது. பாட்டும் சிரிப்புமாக இருக்கும்.

முன்வரிசை என்பது சம்பந்தி வீட்டுப் பந்தி. எல்லாக் கண்ணும் உங்கள் இலையில்தான். மேடையில் இருப்பவர் எந்த ஊர் என்று கேட்பார். வீ.கே.புதூர் என்று சுருக்காமல் முழுப்பெயரையும் சொல்லுங்கள். அவர் அதைத் திருப்பிச் சொல்லி முடிப்பதற்குள் அரங்கம் உங்கள் பக்கம் வந்துவிடும். கூச்சமாக இருந்தால் நாலாவது வரிசை. தாமதமாக மட்டும் போகாதீர்கள், அன்றைய நகைச்சுவையே நீங்கள்தான்!

போனில் படம் பிடிக்க வேண்டாம். ஒரு ஜோக்கைப் பல மேடைகளில் சொல்லிச் சொல்லித்தான் செதுக்குகிறார்கள். அது முன்பே வெளியே கசிந்தால் அவர் உழைப்பு போச்சு. புதியவர்கள் ஆளுக்குச் சில நிமிடம் பேசும் 'ஓப்பன் மைக்' என்றால் சில ஜோக் எடுபடாமல் போகும். அப்போதும் கை தட்டுங்கள்.

பேரப்பிள்ளையும் வருகிறதா? டிக்கெட்டில் வயது வரம்பைப் பார்த்துவிடுங்கள்.