மறதி அறியாத பட்டியல்

எண்ணெய்க் கிணற்றைச் சுற்றிவரும் ஆபரேட்டரின் கையில் முன்பு காகிதக் கட்டு இருக்கும். இப்போது மொபைல் இருக்கிறது. அதற்குள் ஒரு பட்டியல். கிணற்றடிக்குப் போ, மீட்டரைப் பார், எண்ணைப் போடு, வால்வைப் பார், டிக் போடு, அடுத்த இடத்துக்கு நட. உலகின் பல எண்ணெய் வயல்களில் இந்த மின்னணுப் பட்டியல் அன்றாட வேலையின் பகுதியாகிவிட்டது. நெடுவாசலும் வடகாடும் இருக்கிற புதுக்கோட்டை மாவட்டத்தில் இருந்துகொண்டு நான் இதைப் பாராட்ட வந்திருக்கிறேன். பாராட்டத் தக்கது இதில் நிறைய உண்டு. ஒன்றையும் குறைக்காமல் சொல்கிறேன்.

முதலில் காகித காலத்தை நினைத்துப் பார்க்க வேண்டும். லாக் புக் என்று ஒரு கனத்த நோட்டு. மணிக்கொரு முறையோ இரண்டு மணிக்கொரு முறையோ ரீடிங் எழுத வேண்டும் என்பது விதி. மழை இரவில் நான்கு ரீடிங்கையும் ஷிப்ட் முடியும்போது ஒரே மூச்சில் எழுதிவைக்கும் வழக்கம் எந்தத் தொழிற்சாலையிலும் கேள்விப்படாதது இல்லை. ஒரே பேனா, ஒரே சாய்வு, போன மணிக்கும் இந்த மணிக்கும் ஒரே எண். மொபைல் பட்டியல் அதற்கு இடம் கொடுப்பதில்லை. கிணற்றடியில் ஒட்டியிருக்கும் குறியீட்டை ஸ்கேன் செய்தால்தான் அந்த இடத்துக்கான கேள்வி திறக்கும். எத்தனை மணி, எத்தனை நிமிடம், யார், எந்த இடம் என்று எல்லாம் பதிவாகிவிடும். ஆள் வந்துபோனதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடையாது.

வந்தவர் என்ன செய்கிறார் என்பதை அருகிலிருந்து பார்த்தால்தான் இந்த வேலையின் நுட்பம் புரியும். கிணற்றின் தலையில் வால்வுகளை அடுக்கிவைத்த இரும்பு அமைப்பு ஒன்று நிற்கும். கிறிஸ்துமஸ் மரம் என்பார்கள். அதில் இரண்டு மூன்று அழுத்தமானிகள். நல்ல ஆபரேட்டர் முதலில் கண்ணாடியைத் துணியால் துடைப்பார். பிறகு நடுவிரலால் லேசாக ஒரு தட்டு. முள் சிக்கி நின்றிருந்தால் அந்தத் தட்டில் துள்ளி உண்மையான இடத்துக்கு வரும். அதற்குப் பிறகுதான் எண்ணைப் படிப்பார். டியூபிங் பிரஷர் ஒரு கட்டம், கேசிங் பிரஷர் இன்னொரு கட்டம். குழாய்க்கும் உறைக்கும் நடுவே அழுத்தம் மெல்ல ஏறினால் உள்ளே எங்கோ கசிகிறதோ என்று சந்தேகிக்க வேண்டும். வரம்பை மீறிய எண்ணைப் போட்டால் மொபைலில் கட்டம் சிவந்துவிடும், காரணம் எழுதாமல் மேலே போக விடாது. அதே நொடியில் மேலதிகாரிக்கும் செய்தி போய்விடும். போன வாரம் என்ன, போன மாதம் என்ன என்று கோடு போட்டுக் காட்டும். காகித நோட்டில் இந்த ஏற்றத்தைக் கண்டுபிடிக்க யாராவது முப்பது பக்கத்தைப் புரட்ட வேண்டும். யாரும் புரட்டியதில்லை.

அந்த விரல் தட்டுக்குப் பட்டியலில் கட்டம் இல்லை. தட்டிவிட்டுப் படித்த எண்ணையும் தட்டாமல் படித்த எண்ணையும் அது ஒரே மரியாதையோடு ஏற்றுக்கொள்ளும். குழாயில் ஓடும் வாயுவின் சத்தம் நேற்றைக்கும் இன்றைக்கும் மாறியிருப்பதை இருபது வருஷம் வேலை பார்த்தவர் காது கண்டுபிடித்துவிடும். சத்தத்துக்கும் கட்டம் இல்லை. ஆகவே இருபது வருஷம் வேலை பார்த்தவரும் போன வாரம் கான்ட்ராக்டில் சேர்ந்த பையனும் பட்டியலின் முன் சமம். இருவருக்கும் ஒரே பச்சை டிக். சமத்துவம் இவ்வளவு முழுமையாக வந்த பிறகு, அனுபவசாலியைக் கூடுதல் சம்பளம் கொடுத்து வைத்திருக்க வேண்டிய தேவை நிர்வாகத்துக்கு இருக்காது.

இந்தப் பட்டியல் முன்பே வந்திருந்தால் எத்தனை உயிர் பிழைத்திருக்கும் என்பதையும் சொல்லியாக வேண்டும். 1988 ஜூலை 6 இரவு, ஸ்காட்லாந்துக்கு அப்பால் வடகடலில் பைப்பர் ஆல்ஃபா எண்ணெய் மேடை வெடித்து எரிந்தது. 167 பேர் இறந்தார்கள். ஒரு பம்பின் பாதுகாப்பு வால்வைப் பகல் ஷிப்டில் கழற்றியிருந்தார்கள். அதற்கான அனுமதித் தாள் ஓரிடத்தில், அதே பம்பின் பராமரிப்புத் தாள் வேறோரிடத்தில். இரவு ஷிப்டுக்கு வந்தவர்கள் கண்ணில் ஒன்று பட்டது, மற்றது படவில்லை. வால்வு இல்லாத பம்பை ஓட்டினார்கள். ஒரே பம்பைப் பற்றிய இரண்டு தாள்களை மின்னணுப் பட்டியல் பிரிந்திருக்கவே விடாது. இதில் எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை, இந்த ஒரு காரணத்துக்காகவே இது எல்லா எண்ணெய் வயலுக்கும் வர வேண்டும் என்று நினைக்கிறேன்.

2005 மார்ச் 23 அன்று அமெரிக்காவின் டெக்சஸ் சிட்டியில் பிபி சுத்திகரிப்பு ஆலை வெடித்தபோது 15 பேர் இறந்தார்கள், 180 பேர் காயமடைந்தார்கள். அங்கே தாள் எதுவும் தொலையவில்லை. ஆலையைத் தொடங்குவதற்கு முன் கண்ட்ரோல் வால்வுகள் எல்லாம் சோதிக்கப்பட்டுவிட்டன என்று படிவத்தில் கையெழுத்தே இருந்தது. சோதனைதான் நடக்கவில்லை. ஆலையின் கோபுரத்துக்குள் திரவம் அளவுக்கு மேல் ஏறிக்கொண்டிருக்க, மட்டம் காட்டும் கருவி இறங்குகிறது என்று காட்டியது. அந்தக் கருவி பழுது என்று முன்பே சொல்லப்பட்டிருந்தது. அன்றைக்கு மொபைல் பட்டியல் இருந்திருந்தால் அந்தக் கையெழுத்து எத்தனை மணி எத்தனை நிமிடத்துக்குப் போடப்பட்டது என்பது துல்லியமாகத் தெரிந்திருக்கும். விசாரணையில் யாரைக் கூண்டில் நிறுத்துவது என்று தேட வேண்டியிருக்காது. ஷிப்டில் நின்ற கடைசி ஆளின் பெயர் தயாராக இருக்கும். அந்தக் கருவியைப் பழுது பார்க்காமலே ஆலையைத் தொடங்கச் சொன்னவர்களின் பெயர் அதில் வராது, ஏனென்றால் அவர்கள் டிக் போடும் வேலையில் இல்லை.

மொபைலையும் பாராட்ட வேண்டும். நம் சட்டைப்பையில் இருக்கிற சாதாரண போனைக் கிணற்றடிக்குள் கொண்டுபோக முடியாது. வாயு கசிந்திருந்தால் ஒரு சின்னப் பொறி போதும். அதனால் பொறி எழாத வகையில் சோதித்துச் சான்று பெற்ற தனி மொபைல் செய்கிறார்கள். அதன் விலை சாதாரண போனைப் போலப் பல மடங்கு. ஆபரேட்டரின் உயிர்மீது வைத்த அக்கறை இது, அந்த அக்கறையை நான் மதிக்கிறேன். கிணற்று வேலிக்கு அந்தப் பக்கம் வாழைக்குத் தண்ணீர் பாய்ச்சுகிறவர் தன் பம்புசெட் ஸ்விட்சைப் போடும்போது எழும் பொறிக்கு எந்தச் சான்றும் கிடையாது. கொல்லையில் அடுப்பு எரிகிறது. வாயு கசிவதைக் காட்டும் கருவி ஆபரேட்டரின் இடுப்பில் இருக்கிறது, அவர் ரவுண்டு முடிந்ததும் அவரோடு போய்விடுகிறது. 

எங்கள் மாவட்டத்தின் ஆலங்குடி வட்டாரத்துச் செம்மண்ணில் என்ன விளைகிறது என்று இந்தப் பக்கத்தைத் தெரிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வடகாட்டுப் பலா, கீரமங்கலம் பூக்கடைக்குப் போகும் மல்லிகை, நெல், கடலை, தென்னை. எல்லாமே போர்வெல் தண்ணீர். நெடுவாசல், வாணக்கன்காடு, கோட்டைக்காடு, நல்லாண்டார்கொல்லை என்று இங்கே பல இடங்களில் முன்பே எண்ணெய்க்கும் வாயுவுக்கும் சோதனைக் கிணறுகள் தோண்டியிருக்கிறார்கள். 2017 பிப்ரவரி 15 அன்று மத்திய அமைச்சரவைக் குழு எண்ணெயும் வாயுவும் எடுக்க நாடு முழுவதும் 31 ஒப்பந்தப் பகுதிகளுக்கு ஒப்புதல் கொடுத்தது. அதில் நெடுவாசல் ஒன்று. கர்நாடகத்தின் ஜெம் லேபரட்டரீஸ் நிறுவனத்துக்குக் கொடுத்தார்கள். மறுநாளே ஊர் போராட்டத்தில் உட்கார்ந்தது. முதல் கட்டம் 22 நாள். ஏப்ரல் 12-ல் தொடங்கிய இரண்டாம் கட்டம் 174 நாள். நல்லாண்டார்கொல்லையில் பழைய கிணற்றை ஒட்டி எண்ணெய்க் கழிவு தேங்கிக் கிடந்த குழியை அந்த நாட்களில் தமிழ்நாடே படத்தில் பார்த்தது.

ஊரார் கேட்டதெல்லாம் கேள்விகள்தான். தண்ணீர் என்ன ஆகும்? கழிவை எங்கே கொட்டுவீர்கள்? கசிந்தால் எங்களுக்கு யார் சொல்வார்கள்? வேலை முடிந்தால் நிலத்தை எப்போது, எந்த நிலையில் திருப்பிக் கொடுப்பீர்கள்? இவை ஒவ்வொன்றும் ஒரு பட்டியலின் வரியாக இருக்கத் தகுந்தவை, விடையை எண்ணாகவோ ஆம், இல்லை என்றோ போட்டுவிடலாம். ஆனால் மொபைல் பட்டியலின் ஒழுக்கம் அசாத்தியமானது. எழுதிக்கொடுத்த கேள்வியைத் தாண்டி ஒன்றும் கேட்காது. எழுதிக்கொடுப்பது நிறுவனம். அதனால் பம்பு, வால்வு, பீப்பாய், டேங்கர் எண் எதையும் ஒருநாளும் மறப்பதில்லை, வேலியோடு நின்றுவிடுகிறது. மறதி என்ற மனிதக் குறையை ஒழித்துக்கட்டிவிட்டார்கள். எதை மறந்தாலும் பரவாயில்லை என்பதை மட்டும் முன்கூட்டியே முடிவு செய்து வைத்திருக்கிறார்கள்.

அதே 2017 ஜூன் 30 அன்று தஞ்சாவூர் மாவட்டம் கதிராமங்கலத்தில் ஓஎன்ஜிசி குழாயிலிருந்து வயலில் எண்ணெய் கசிந்தது. ஊர் திரண்டு நின்று ஆட்சியர் வர வேண்டும் என்றது. தடியடியும் கைதும் நடந்தன. வயலில் நின்று வாடையை முகர்ந்தவர்களின் சொல் எந்தப் பட்டியலிலும் ரீடிங்காக ஏறக்கூடியது இல்லை. அது சட்டம் ஒழுங்குப் பிரச்சினையாகவே ஏறியது.

மொபைல் பட்டியலின் இன்னொரு சிறப்பு, எப்போது நிறுத்த வேண்டும் என்று தெரிந்திருப்பது. கிணற்றில் எண்ணெய் வருகிறவரை தினமும் ரவுண்டு. வருவது நின்றால் கிணறு பட்டியலிலிருந்து இறங்கிவிடும். யாரும் அதை அழிக்க வேண்டியதில்லை, மறுநாள் காலை அந்தப் பெயர் வராது. புதுக்கோட்டையில் இன்று தினசரி ரவுண்டுக்கான வேலையே இல்லை. 2020 பிப்ரவரியில் வந்த தமிழ்நாடு பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் இந்த மாவட்டத்தில் அறந்தாங்கி, ஆவுடையார்கோவில், மணமேல்குடி, திருவரங்குளம், கறம்பக்குடி ஆகிய ஐந்து ஒன்றியங்களுக்குக் காப்புக் கொடுத்திருக்கிறது. அது பெரிய விஷயம், ஊர் உட்கார்ந்து வாங்கியது. அதற்கும் பிறகு 2021 ஜூனில் இதே மாவட்டத்து வடதெரு பகுதி எண்ணெய், எரிவாயு ஏலப் பட்டியலில் வந்தது, முதல்வர் ஸ்டாலின் பிரதமருக்கு எதிர்ப்புத் தெரிவித்து எழுத வேண்டியிருந்தது. ஏலத்துக்கான பட்டியலில் இந்த மண்ணின் பெயர் மறக்கப்படுவதே இல்லை. 

கிணறு பட்டியலிலிருந்து இறங்கினாலும் மண்ணிலிருந்து இறங்குவதில்லை. குடிதண்ணீர் எடுக்கிற மணல் அடுக்கைத் துளைத்துக்கொண்டு இரும்பு உறை போகிறது, அதைச் சுற்றி சிமென்ட். இரும்பு துருப்பிடிக்கும், சிமென்ட் விரிசல் விடும். அதற்கு ஆகிற காலம் நிறுவனங்களின் காலத்தைவிட நீண்டது. அமெரிக்காவில் கைவிடப்பட்ட எண்ணெய், எரிவாயுக் கிணறுகள் 30 லட்சத்துக்கும் மேல் என்று அந்நாட்டுச் சுற்றுச்சூழல் அமைப்பு மதிப்பிட்டிருக்கிறது. உரிமையாளர் இல்லாமல் போன கிணறுகளை மூடுவதற்கு 2021-ல் 470 கோடி டாலர் ஒதுக்கினார்கள், மக்கள் வரிப்பணத்திலிருந்து. எண்ணெய் வந்த நாட்களில் அந்தக் கிணறுகளின் ரீடிங் எல்லாம் ஒழுங்காக எழுதப்பட்டிருக்கும்.

சிக்னல் இல்லாத இடத்திலும் மொபைல் பட்டியல் வேலை செய்யும், டவர் கிடைத்ததும் எல்லாவற்றையும் அனுப்பிவிடும். 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் இந்தப் பக்கம் புகுந்து தென்னையையும் பலாவையும் சாய்த்துப் போட்டபோது கரண்டும் போனும் எத்தனை நாள் இல்லாமல் கிடந்தோம் என்று நினைத்தால் இந்த வசதியின் அருமை தெரியும். அப்படிப்பட்ட நாளிலும் ஆபரேட்டரின் ரீடிங் பத்திரமாக இருந்து, போய்ச் சேர வேண்டிய தலைமை அலுவலகத்துக்குப் போய்ச் சேரும். பக்கத்து வீட்டுக்கு மட்டும் போகாது. பெறுபவர் பட்டியலில் பக்கத்து வீடு இல்லை.

கடைசியாக, எனக்கு மிகவும் பிடித்த சிறப்பு. காகிதப் படிவத்தில் ஒரு வரி கூட்ட வேண்டுமென்றால் மறுபடி அச்சடிக்க வேண்டும், பழைய கட்டைத் தூக்கிப் போட வேண்டும், எல்லா ஷிப்டுக்கும் புதிதை அனுப்ப வேண்டும். மாதக்கணக்காகும். மொபைலில் அலுவலகத்தில் உட்கார்ந்து ஒருவர் ஒரு வரியைச் சேர்த்தால் எல்லா ஆபரேட்டர் கையிலும் அடுத்த ரவுண்டில் அது வந்து நிற்கும். காவிரிப் படுகையில் ஓடிக்கொண்டிருக்கும் எந்தக் கிணற்றுக்கும் இது பொருந்தும்: பக்கத்து போர்வெல் தண்ணீரில் எண்ணெய்ப் படலமோ வாடையோ உண்டா? கழிவுக் குழியின் கரை எப்படி இருக்கிறது? மூடிய கிணற்றைக் கடைசியாகப் போய்ப் பார்த்தது எப்போது? இன்று வேலிக்கு வெளியே யாரிடம் பேசினீர்கள், அவர் என்ன சொன்னார்? நான்கு வரி. சேர்க்க ஒரு மாலை போதும், பெறுபவர் பட்டியலில் ஊராட்சி அலுவலகத்தைச் சேர்க்க இன்னும் ஐந்து நிமிடம். செலவாகும், நாளாகும், தொழில்நுட்பம் இடம் கொடுக்கவில்லை என்று இத்தனை காலம் சொல்லிவந்த காரணங்கள் ஒவ்வொன்றையும் இந்தப் பட்டியல் தன் திறமையாலேயே எடுத்துப் போட்டுவிட்டது.