பட்டாணி அளவுன்னா பட்டாணி அளவுதாம்லே!

ஏலே பேராண்டி, ஊருக்குள்ள ஒருத்தனுக்கு நெஞ்சு வலின்னா வைத்தியம் சொல்ல ஆள் வராது. உன் மூஞ்சியில ஒத்தப் பரு முளைச்சிட்டா மட்டும் தெருவுல இருக்க அம்புட்டுப் பேரும் வைத்தியராயிருதாக. 'உடம்புச் சூடுதான், எண்ணெ தேய்ச்சுக் குளி'ங்கா பாட்டி. 'பற்பசையை அப்பிட்டுப் படு'ங்கான் உன் சேக்காளி. 'எலுமிச்சம்பழத்தை அறுத்துத் தேயி'ங்கா எதுத்த வீட்டுக்காரி. 'ஒரு கால்கட்டைப் போட்டா தன்னாலப் போயிரும்'னு உங்க அத்தை சொல்லுதா; அவ மவளுக்கு மாப்பிள்ளை தேடிக்கிட்டு இருக்காங்கிறது வேற கதை. நீயும் லேசுப்பட்ட ஆளா? ஒண்ணு விடாம எல்லாத்தையும் செஞ்சு பாத்து, மூஞ்சி எரிஞ்சு, கடைசியாத்தான் தோல் டாக்டரம்மாகிட்டப் போயிருக்கே. இப்பம் சீட்டும் கையுமா எம் மவன் மருந்துக் கடையில வந்து நிக்கே.

கல்லாவுக்குப் பக்கத்துல ஸ்டூலைப் போட்டு உக்காந்து, வாரவன் போறவன் சீட்டையெல்லாம் எழுத்துக்கூட்டி வாசிக்கதுதான் இந்தக் கிழவனுக்கு இப்பம் உத்தியோகம். அதனால உன் சீட்டுல இருக்கதும் எனக்குத் தெரியும். அடாபலீன் 0.1 சதவீதம், ராத்திரி மட்டும். உங்க அக்காளுக்கு எழுதினது ட்ரெட்டினாயின் 0.025. ரெண்டும் ஒரே குடும்பம். வைட்டமின் ஏ வழி வந்த மருந்துக, ரெட்டினாய்டுன்னு குலப்பேரு. டாக்டரம்மா விவரமாத்தான் சொல்லியிருப்பாக. உன் காது அங்க இருந்திருக்கும், கண்ணு செல்போன்ல இருந்திருக்கும். அதனால நான் திரும்பச் சொல்லுதேன், கேளு.

முதல்ல, பரு எப்படி வருதுன்னு தெரியுமாலே? அழுக்குன்னு நெனைச்சுத்தானே நாளுக்கு நாலஞ்சு மட்டம் சோப்பைப் போட்டு உரசுதே? உரசு, உரசு. சோப்புக் கம்பெனிக்காரனும் பொழைக்க வேண்டாமா? தோலுக்குள்ள மயிர் முளைக்கிற குழி இருக்கு. அதை ஒட்டி எண்ணெ சுரக்குற சுரப்பி இருக்கு. மீசை அரும்புற வயசுல அந்தச் சுரப்பிக்கு வேகம் கூடிப் போவுது. குழிக்குள்ள செத்த தோலு உதிர்ந்து வெளிய வரணும்; அது வராம ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டு வாயை அடைச்சிருது. உள்ள எண்ணெ தேங்குது. எல்லாரு தோலுலயும் குடியிருக்க க்யூட்டிபாக்டீரியம் ஆக்னஸ்ங்கிற கிருமிக்கு அங்க விருந்து. பொறவு வீங்கி, செவந்து, சீழ் கட்டுது. உன் மூக்கு மேல கரும்புள்ளி இருக்கே, அதுகூட அழுக்கில்ல. குழிக்குள்ள அடைச்சுக் கிடக்கது காத்துப் பட்டுக் கறுத்துப் போனது. நீ சலவைக்கல்லுல போட்டு அடிச்சாலும் போவாது.

இந்த மருந்து என்ன செய்யுதுன்னா, அந்தச் செத்த தோலை ஒட்டவிடாம உதிரப் பண்ணுது. கூடவே வீக்கத்தையும் தணிக்குது. ஒரு பரு வெளிய தலை நீட்டுறதுக்குப் பல வாரத்துக்கு முந்தியே அடைப்பு உள்ள உருவாயிரும், கண்ணுக்குத் தெரியாது. மருந்துக்கு வேலை அங்கதான். அதனாலதான் பரு வார எடம் முழுக்கப் பரவலாப் பூசச் சொல்லுதாக. நீ மகா கெட்டிக்காரன். கன்னத்துல தெரியுற ஒத்தப் பருவுக்கு மட்டும் ஒரு பொட்டு வைச்சுட்டு, பக்கத்துல முளைக்கக் காத்திருக்க நாலு பேரையும் 'நல்லா வளருங்கய்யா'ன்னு வாழ்த்திட்டுப் படுத்திருவே.

இப்பம் அளவுக்கு வருவோம். மூஞ்சி முழுசுக்கும் ஒரு பட்டாணி அளவு. ஊற வைச்சு உப்பின பட்டாணின்னு சாக்குச் சொல்லாதே, சாதாப் பட்டாணிதான். மென்மையான சோப்புல ஒரு மட்டம் முகத்தைக் கழுவு. துண்டால ஒத்தியெடு. ஈரம் நல்லாக் காயட்டும்; இருபது முப்பது நிமிசம் பொறுத்தா நல்லது, ஈரத் தோலுல போட்டா எரிச்சல் கூடும். பொறவு நெத்தி, கன்னம் ரெண்டு, மூக்கு, தாடைன்னு தொட்டு வைச்சு மெல்லப் பரத்து. கண்ணோரம், மூக்கு மடிப்பு, உதட்டோரம் பக்கம் போவாதே. மொத ரெண்டு மூணு வாரம் ஒரு ராத்திரி விட்டு ஒரு ராத்திரி. தோலு பழகினாத் தினமும்.

'கொஞ்சம் போட்டாக் கொஞ்சம் குணம், நெறையப் போட்டாச் சீக்கிரம் குணம்'னு மனசுக்குள்ள ஒரு கணக்குப் போடுதே பாரு, அதே கணக்குலதான் உங்க சித்தப்பன் மக்காச்சோளத்துக்கு யூரியாவை மூட்டையாக் கொட்டினான். பயிரு கருகிச்சு. விதை சரியில்லன்னு கடைக்காரனை ஏசினான். நீ மூஞ்சி வெந்து போயி வந்து எம் மவனை ஏசுவே. ரெட்டினாய்டைக் கூடப் போட்டா குணம் கூடாது, எரிச்சலும் தோலுரியறதும்தான் கூடும்.

அதுக்குத்தான் சீட்டுல ரெண்டாவதா மாய்ஸ்சரைசர் எழுதியிருக்காக. 'அது பொம்பளப் பிள்ளைக பூசுறதுல்லா'ன்னு இளிக்காதே. மருந்து தோலை வறட்டும்; இது அந்த வறட்சியைத் தாங்கும். ரொம்ப எரிஞ்சா முதல்ல இதைப் பூசி, அதுக்கு மேல மருந்தைப் பூசலாம், தப்பில்ல. அதுக்காக ஆச்சி வைச்சிருக்க தேங்காயெண்ணெயைத் தடவிக்கிட்டு வந்து நிக்காதே. தலைக்கு நல்லது, பரு வார மூஞ்சிக்கு அதுவே அடைப்பு. துளையை அடைக்காததுன்னு அட்டையில போட்டிருக்கதாப் பாத்து வாங்கு.

ரெண்டாவது மூணாவது வாரத்துல வரும்லே உனக்குச் சோதனை. மூஞ்சி செவக்கும், தோலு தவிடு தவிடா உதிரும். இருந்த பருவோட இன்னும் நாலு புதுசா எட்டிப் பாக்கும். எல்லாருக்கும் இப்படி வராது. வந்தாலும், உள்ள கிடந்த அடைப்புக வெளிய வாரதுன்னுதான் டாக்டருமாரு சொல்லுதாக. நம்ம ஊரு வீரனுக முக்காவாசிப் பேரு கோட்டை விடுறது இங்கதான். 'மருந்து ஒத்துக்கிடல'ன்னு டியூபைக் குப்பையில எறிஞ்சுட்டுப் பழையபடி எலுமிச்சம்பழத்துக்குப் போயிருவான். குணம் தெரிய 8 முதல் 12 வாரம் ஆவும். ஞாயித்துக்கிழமை பொண்ணு பாக்கப் போவணும்னு வெள்ளிக்கிழமை வந்து இந்த டியூபைக் கேக்கவனுக்கு நான் என்னத்தைச் சொல்ல? மாப்பிள்ளைக்கு ஒரு மாஸ்க் வாங்கிக் குடுன்னு அனுப்பிவிட்டேன். ஆனா ஒண்ணு: லேசா எரியறது வேற, வீங்கிப் புண்ணாப் போறது வேற. அப்படி ஆச்சுன்னா அன்னைக்கே நிறுத்திட்டு டாக்டரம்மாவைப் போயிப் பாரு. அங்க வீரம் காட்டாதே.

ஏன் ராத்திரி மட்டும்னு கேளு. ட்ரெட்டினாயின் வெளிச்சம் பட்டாச் செத்துப் போற மருந்து. அடாபலீன் அம்புட்டு நோஞ்சான் இல்ல. ஆனா ரெண்டுமே தோலுக்கு வெயில் தாங்குற சக்தியைக் குறைச்சிரும். நம்ம கோவில்பட்டி வெயிலு எப்படின்னு உனக்குச் சொல்லணுமா? காலையில எஸ்.பி.எஃப். 30-க்குக் குறையாத சன்ஸ்கிரீனைப் பூசிட்டுத்தான் வண்டியை எடுக்கணும். வெள்ளைத் தோலுக்காரனுக்கு எரிச்சல் வந்தாப் பெரும்பாலும் செவப்போட போயிரும். நம்ம மாநிறத்துக்கும் கறுப்புக்கும் எரிச்சல் வந்த எடம் கரும்படையா நின்னு போவலாம். பருவை ஆத்த வந்த மருந்தாலேயே புதுத் தழும்பை வாங்கிக்கிட்ட புத்திசாலிகளை நான் இந்த ஸ்டூலுல இருந்தே பாத்திருக்கேன்.

இந்த மருந்துக்கு ஒரு ஜாதகம் இருக்கு. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்துல ஆல்பர்ட் க்ளிக்மன்னு ஒரு தோல் டாக்டரு. ட்ரெட்டினாயின் பருவுக்குக் கேக்கும்னு 1969-ல அவரும் அவரு கூட்டாளிகளும் எழுதினாக. 1971-ல அமெரிக்க அரசு அனுமதி குடுத்தது. அடாபலீன் அங்க 1996-ல வந்தது. க்ளிக்மன் பெரிய மூளைக்காரரு; ஆனா பிலடெல்பியாவுல ஹோம்ஸ்பர்க் சிறையில கைதிக முதுகை வருசக்கணக்கா ஆராய்ச்சிக்கூடமா வைச்சிருந்தவரும் அவருதான். கைதிகள்ல பெரும்பாலும் கறுப்பின மக்கள். 1974-ல அதை நிறுத்தினாக. பல்கலைக்கழக மருத்துவத் துறை மன்னிப்புக் கேக்க 2021 ஆச்சு. நகர நிர்வாகம் கேக்க 2022 ஆச்சு. அம்புட்டுப் பேரு தோலைச் சோதிச்சுப் படிச்ச படிப்புடா இது. உனக்கு ராத்திரி அஞ்சு நிமிசம் முகம் கழுவ வலிக்குதா?

'அமெரிக்காவுல அடாபலீன் சீட்டில்லாமக் கிடைக்குதாமே தாத்தா'ங்கே. ஆமா, 2016-ல இருந்து 0.1 சதவீதம் அங்க கிடைக்குது. நம்ம ஊருலயும் சீட்டில்லாம ஒண்ணு கிடைச்சுக்கிட்டு இருந்தது, அதைச் சொல்லுதேன் கேளு. ஸ்டீராய்டு, ஹைட்ரோகுயினோன், ட்ரெட்டினாயின் மூணையும் ஒண்ணாக் கலந்த டியூபு. அந்தக் கலவைக்கு முன்னோடியும் 1975-ல க்ளிக்மன் எழுதினதுதான். கரும்படைக்குக் கொஞ்ச நாளைக்கு டாக்டர் பாத்துக் குடுக்க வேண்டியது. நம்ம மக்க அதைச் செவப்பழகுக் களிம்பாக்கிட்டாக. பூசின மொத வாரம் மூஞ்சி பளபளன்னு இருக்கும், தெருவே கேக்கும். பொறவு தோலு மெலியும், ரத்தக் குழாய் செவப்பாத் தெரியும், பொண்ணு மூஞ்சியில மயிர் முளைக்கும், பருவும் கூடும். நிறுத்தினா எரிஞ்சு செவக்கும். அந்தப் பயத்துல திரும்பவும் பூசுவாக. தோல் டாக்டருமாரு கத்தின கத்துல 2018-ல மத்திய அரசு ஸ்டீராய்டுக் களிம்பு பலதையும் சீட்டோடதான் விக்கணும்னு ஆக்கிருச்சு. நம்ம சீட்டுல எழுதின ரெட்டினாய்டுதானேன்னு பக்கத்து வீட்டு அக்கா குடுத்த டியூபை வாங்கிப் பூசாதே. அட்டையைத் திருப்பி வாசி. பேரு முடியிற எடத்துல 'சோன்'னு இருந்தா ஸ்டீராய்டா இருக்கலாம், உசாராயிரு.

இன்னொண்ணு. சீட்டுல பென்சாயில் பெராக்ஸைடும் இருந்தா, அதையும் ட்ரெட்டினாயினையும் ஒரே நேரத்துல பூசாதே; பெராக்ஸைடு அதைச் சிதைச்சிரும். காலையில பெராக்ஸைடு, ராத்திரி ட்ரெட்டினாயின். அடாபலீனுக்கு அந்தப் பகை இல்ல, ரெண்டையும் சேத்தே டியூபு வருது. ஆனா பெராக்ஸைடு பட்டாத் துணி வெளுத்துப் போவும். உங்க அப்பன் புதுத் துண்டுல முகத்தைத் தொடைச்சிட்டு, 'சலவைக்காரன் தப்பு'ன்னு சாதிக்காதே.

பருவைக் கிள்ளுறது, ரவையைப் போட்டு உரசுறது, மருந்து பூசுற மூஞ்சியில வேக்ஸிங், த்ரெட்டிங் பண்ணுறது, எல்லாத்தையும் விட்டுரு. வேக்ஸிங்ல மயிரோட தோலும் சேந்து வரும். பியூட்டி பார்லர் பிள்ளைக்கிட்ட முன்கூட்டியே சொல்லிரு.

ஏ தாயி, தள்ளி நின்னு கேட்டுக்கிட்டு இருக்கியே, உனக்கும்தான். வயித்துல பிள்ளை தங்குற யோசனை இருந்தாலோ, நாள் தள்ளிப் போயிருந்தாலோ, டாக்டரம்மாகிட்ட வெக்கப்படாம முதல்லயே சொல்லிரு. வைட்டமின் ஏ வழி வந்த மாத்திரை கருவுல இருக்க பிள்ளையைக் கெடுக்கும்னு நிச்சயமாத் தெரியும். அதனால பூசுற மருந்தையும் கர்ப்பத்துல நிறுத்தத்தான் சொல்லுதாக. அந்த நேரத்துக்குன்னு வேற மருந்து இருக்கு. மாசக் கணக்கு தப்பிப் போயி, தாடையில பரு கூடி, மயிரும் கூடினா, அது களிம்போட தீராது, உள்ளயும் சோதிக்கணும்.

மூணு மாசம் சொன்னபடி பூசியும் குறையலன்னாலோ, கட்டி கட்டியா வந்து குழி விழுந்தாலோ, மருந்தை மாத்தணும், இல்ல மாத்திரை சேக்கணும். அதை முடிவு பண்ணவேண்டியவுக டாக்டரம்மா. மூஞ்சி தெளிஞ்சு போச்சுன்னு மறுநாளே நிறுத்திராதே. அடைப்பு திரும்பாம இருக்கத்தான் பல பேருக்கு மேற்கொண்டும் மாசக்கணக்காப் பூசச் சொல்லுதாக. அடாபலீன் ஒண்ணும் அதிசயம் செய்யாது பேராண்டி. கொஞ்சமாப் போட்டு நாள் கணக்காக் காத்திருக்கவனுக்குத்தான் அது வேலை செய்யும். ஊரு வைத்தியம் கேட்ட பொறுமையில பாதி இதுக்குப் போதும்.

காசைக் குடுத்துட்டு டியூபை எடுத்துக்கிட்டுப் போ. சேக்காளி கேட்டான்னு அதைக் கடன் குடுத்திராதே. அவனுக்கு வேணும்னா, அவன் மூஞ்சியைக் காட்டி, அவன் பேருல சீட்டு வாங்கிட்டு வரட்டும்.