மூன்றாம் 'அதோ' விதி: வேடந்தாங்கல் கோபுரத்தில் ஓர் ஆய்வு

வேடந்தாங்கலைப் பற்றி எழுதிய அறிஞர்கள் எல்லாரும் பறவையைத்தான் ஆராய்ந்திருக்கிறார்கள். சுமார் 30 ஹெக்டேர் ஏரி. ஊரார் கேட்டுக்கொண்டபடி 1798இல் கலெக்டர் லயனல் பிளேஸ் பறவைகளுக்குப் பாதுகாப்பு எழுதிக்கொடுத்தார். 2022இல் ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் இடம் கிடைத்தது. எல்லாம் சரி. பார்வைக் கோபுரத்தில் நின்று, பறவையைக் காணாமலேயே "தெரியுது" என்று சொல்பவரை இதுவரை யாரும் ஆராயவில்லை.

நிகழ்வு இப்படித் தொடங்கும். குடும்பத் தலைவர் கையை நீட்டுகிறார்.

"அதோ, அந்த மரத்துல பாரு."

"எந்த மரங்க?"

"பச்சையா இருக்குதே, அது."

ஏரிக்குள் நிற்கும் நீர்க்கடம்பு அத்தனையும் பச்சைதான். இரண்டாம் 'அதோ'வில் குரல் உயரும். மூன்றாம் 'அதோ'வில் பல்லைக் கடிக்கும் ஓசை கலந்திருக்கும். உடனே அம்மையார், "ஆங், தெரியுது" என்பார். அவர் பார்க்கும் திசையில் வெறும் வானம்தான் இருக்கும். இதுவே மூன்றாம் 'அதோ' விதி.

பைனாகுலர் இருந்தால் இவ்விதி செல்லாது என்பார் உண்டு, ஏற்பதற்கில்லை. வாடகை பைனாகுலர் அப்பாவின் கண்ணகலத்துக்கு விரித்து வைத்தபடியே பிள்ளை கைக்கு வருகிறது. பிள்ளைக்குத் தெரிவது ஓரத்துக் கறுப்பு மட்டும். பின்னால் சித்தப்பா காத்திருக்கிறார். எனவே அதுவும் "தெரியுது" என்று சொல்லிக் கைமாற்றிவிடும். பாட்டி மட்டுமே விதிக்கு அடங்காதவர்: "எனக்கு ஒண்ணும் தெரியலடா, கீழ போலாம் வா." ஆய்வுலகம் இத்தகைய நேர்மையைப் போதிய அளவு மதிப்பதில்லை.

பறவைகளின் பொறுப்பையும் மறைக்கலாகாது. பாம்புத்தாரா நல்லது; நனைந்த சிறகை விரித்துக் காயவைத்தபடி, யார் பார்த்தாலும் பார்க்கட்டும் என்று உட்கார்ந்திருக்கும். நத்தைகுத்தி நாரை அலகை மூடினாலும் நடுவே சந்து தெரியும். அடையாளம் சொல்ல எளிது. குருட்டுக் கொக்குதான் குடும்பங்களைப் பிரிப்பது. மண்ணிறத்தில் கரையோரம் அசையாமல் நிற்கும். பறந்தால்தான் அதன் வெள்ளைச் சிறகு தெரியும். அப்போது எல்லாரும் ஒருசேரக் கத்துவார்கள். அந்த ஒரு 'தெரியுது' மட்டும் கலப்படமற்றது.

வாசகர்களுக்கு ஒரு விண்ணப்பம்: மரத்தைக் காட்டாதீர்கள், கிளையைச் சொல்லுங்கள். முடிந்தால் டிசம்பர், ஜனவரியில் மாலை நான்கு மணிக்கு மேல் போங்கள். இரை தேடப் போன கூட்டம் திரும்பும் நேரம் அது. கையை எந்தப் பக்கம் நீட்டினாலும் பறவை இருக்கும்.